அண்ணன் கொடுத்த கம்ப்யூட்டர்

அந்த வீட்டில் கட்டிலைக் கட்டில் என்றும் பீரோவை பீரோ என்றும்தான் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் முழுப்பெயர் உண்டு. 'அண்ணன் கொடுத்த கம்ப்யூட்டர்.' "அண்ணன் குடுத்த கம்ப்யூட்டர ஆஃப் பண்ணியா?" என்று கணவர் கேட்பார். "அண்ணன் குடுத்த கம்ப்யூட்டர் மேல ஈரக்கைய வைக்காதீங்க" என்று அவள் சொல்வாள். பட்டத்தைச் சேர்க்காமல் கூப்பிட்டால் அது கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்று பயந்தவர்கள் மாதிரி.

சேர்த்துச் சொல்லியும் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

அவள் வீட்டில் இருந்தபடியே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறவள். சங்கங்களின் மலர், பள்ளிகளின் ஆண்டிதழ், ஓய்வு பெற்றவர்களின் கவிதை என்று எது வந்தாலும் எழுத்தையும் படத்தையும் பக்கத்தில் அடுக்கி, அச்சுக்குத் தயாராக்கித் தருவாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அச்சக வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியபோது, அண்ணன் தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை இவளுக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்று ஒரே சொல்லில் முடிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். மேசைமேல் வைத்தார், அதன் தலையில் உள்ளங்கையை வைத்தார், தொண்டையைச் செருமினார், பிறகு ஒரு சிற்றுரை ஆற்றினார். "பாப்பா, இது வெறும் மெஷின்னு நெனச்சுடாத. இது உன் எதிர்காலம்." பாப்பாவுக்கு அப்போதே வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிட்டிருந்தது.

அண்ணன் அப்போது ஏதோ ஓர் அரசுத் துறையில் உதவி இயக்குநர். அவர் நடந்து வந்தால் கோப்புகளே எழுந்து நிற்கும் என்பது அவர் சொல்லி எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அப்பேர்ப்பட்டவர் கொடுத்த பொருள் அம்மணமாக நிற்கலாமா? அண்ணி அதற்கு ஓர் உறை தைத்து அனுப்பினார். தடித்த துணி, உள்ளே பஞ்சு, ஓரமெல்லாம் சுருக்கு, முன்பக்கம் பொத்தானை அழுத்துவதற்கு ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒயர்கள் வெளியே வர ஒரு கிழிசல். அந்த உறை ஒன்பது வருஷமாக அதன் மேலேயே இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர் போகும்போது துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவாள். வந்ததும் முதல் வேலையாகப் போர்த்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள்.

சும்மா கொடுத்த பொருளுக்குத் தவணை கிடையாது என்பதால் அந்தக் கடன் முடிவதும் கிடையாது. அண்ணனுடைய விசிட்டிங் கார்டு, அண்ணன் பணி ஓய்வு விழா அழைப்பிதழ், அண்ணனின் 'சிந்தனைத் துளிகள்' மூன்று பாகம், எல்லாம் இவள் கையால் இலவசமாக நடந்தன. கூலி என்று வாயெடுப்பதற்கே இடம் இல்லை. "நம்ம கம்ப்யூட்டர்லதானே செய்யப் போற!" என்பார் அண்ணன். அந்த 'நம்ம'வில் அவளுக்கு எத்தனை பங்கு என்று அவள் இதுவரை கேட்டதில்லை.

இப்போது கையில் இருந்த வேலை கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தின் வெள்ளிவிழா மலர். சங்கத்தின் வரலாறு நான்கு பக்கம். தலைவரின் படங்கள் பதினேழு. தலைவர் நாடா வெட்டுகிறார், தலைவர் கோப்பை வழங்குகிறார், தலைவர் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வாங்கிய கேமராவில் எடுத்த படங்கள். தலைவர் மூக்கில் இருக்கும் மயிர்க்கால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உறுப்பினர் அட்டை கொடுக்கலாம், அவ்வளவு தெளிவு. ஒரு படத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் திகைத்துப் போகும். இரண்டாவதைத் திறந்தால் திரையில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கும். அவள் எழுந்து போய்த் துணி மடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

"பெரிய மனுஷன உள்ள விட எடம் பத்தலபோல" என்றார் கணவர். மருந்துக் கடையில் பில் போடுகிறவர். நாள் முழுக்க அடுத்தவர் நோயைப் படித்துப் படித்து, எதற்கும் பதறாத குரல் வந்துவிட்டிருந்தது.

"சிரிக்காதீங்க. திங்கக்கெழம ஃபைல் அச்சகத்துக்குப் போகணும்."

இந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம வர்றோம். கையோட ஒரு சாமானும் வருது."

"என்ன சாமான்ணே?"

"என் கம்ப்யூட்டர். மூணு வருஷம்தான் ஆச்சு. என் வேகத்துக்கு அதால ஈடு குடுக்க முடியல. திடீர் திடீர்னு அணைஞ்சு போகுது. நான் பெருசா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். உன் வேலைக்கு இது தாராளம்."

"எதுக்குண்ணே, இங்க ஒண்ணு இருக்கே..."

"அட, வாங்கிக்க. கூடவே நம்ம வரலாறும் வருது."

நம்ம வரலாறு என்பது அண்ணனின் தன்வரலாறு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து எழுதிவருகிறார். கையெழுத்தில் அறுநூறு தாள் தாண்டிவிட்டது. கதாநாயகன் இன்னும் உத்தியோகத்தில் சேரவில்லை.

போனை வைத்துவிட்டு அவள் மனக்கணக்குப் போட்டாள். கணக்கு எளிமையானது. பழையது ஓடாவிட்டால் அண்ணனுடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டால் அறுநூறு தாளையும் தட்டச்சு செய்து, பக்கமாக்கி, பிழை திருத்தி, அவர் மறுபடி எழுதி, மறுபடி திருத்தி... ஆறு மாதமோ ஒரு வருஷமோ போய்விடும். அந்த ஆறு மாதம் மற்ற வேலைகளை யார் செய்வது? பிறகு இரண்டாம் பாகம். கதாநாயகன் உத்தியோகத்தில் வேறு சேர்ந்துவிடுவான்.

"இதையே சரி பண்ணிடலாங்க" என்றாள். "சங்கத்துல குடுத்த முன்பணம் இருக்கு."

"அதுல புதுசு வாங்க முடியாதே."

"புதுசு யார் கேட்டா? இது ஓடினாப் போதும். ஞாயித்துக்கெழம அண்ணன் வர்றப்ப இது ஓடிக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

இரண்டு நாள் சாயங்காலம் செல்போனில் படித்தாள். எதை மாற்றினால் எது வேகமாகும் என்று ஊர் உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சண்டையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயங்கள் இரண்டு. சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட வேண்டும், ரேம் கூட்ட வேண்டும். முன்பணத்துக்குள் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று புதிதாகவும் ரேம் ஒன்று பழையதாகவும் அடங்கும். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, படங்களை வைத்துக்கொள்ளலாம்.

உறையைக் கழற்றி மடித்து பீரோவில் வைத்துவிட்டு, பெட்டியைக் கணவரின் ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார்கள். 'கணினி நல மையம்' என்று பலகை. உள்ளே முதலாளி வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். அந்தத் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டு கோட்டும் தைத்துக்கொண்டார்.

டாக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "எத்தன வருஷம்?"

"எங்க கிட்ட ஒம்பது. அதுக்கு முன்னாடி எங்க அண்ணன் கிட்ட மூணு."

"இது கம்ப்யூட்டர் இல்லம்மா. புதைபொருள். தோண்டி எடுத்துட்டு வந்தீங்களா?"

"எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டா ஓடும்னு..."

"யார் சொன்னா?"

"படிச்சேன்."

படித்துவிட்டு வருகிறவர்களை எந்த டாக்டருக்கும் பிடிப்பதில்லை. அவர் திரும்பி, கண்ணாடிச் சுவரோடு பளபளத்த ஒரு காலிப் பெட்டியைக் காட்டினார். "முதல்ல கேபினட்ட மாத்துங்க. ஏழு கலர்ல எரியும்."

"எரிஞ்சா வேகம் கூடுமா?"

"மதிப்பு கூடும்."

"யாருக்கு?"

"மேசைக்கு" என்றார் கணவர், டாக்டர் வாயைத் திறப்பதற்குள்.

டாக்டர் கோட்டைச் சரிசெய்துகொண்டு பெட்டியைத் திறந்தார். ஒன்பது வருஷத்துத் தூசி கம்பளியாகத் திரண்டு கிடந்தது. அதை ஊதித் தள்ளினார். டிரேயில் கிடந்த பழைய ரேம்களில் பொருந்துவதைத் தேடி மாட்டினார். எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட விட்டார். நன்றாகவே ஓடியது. தலைவரின் படங்கள் மூன்றை ஒன்றாகத் திறந்து காட்டச் சொன்னாள், திறந்தன. "அப்பிடியும் செய்யலாம்" என்றார் டாக்டர், தோற்றுப்போனவர்கள் சொல்லும் குரலில்.

வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்து, பெட்டியை வைத்து, பீரோவிலிருந்து உறையை எடுத்துப் பதமாகப் போர்த்தினாள். பொத்தானை அழுத்தினாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை தயாராக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் இதற்காகக் காத்திருந்த நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு மொழி கற்றிருக்கலாம்.

முதல் பக்கம், இரண்டாம் பக்கம், நாடா வெட்டும் தலைவர். எல்லாம் வெண்ணெய்போல் நடந்தது. கோப்பை வழங்கும் தலைவரைத் திறந்தாள். தலைவர் கோப்பையை நீட்டினார், திரை கறுத்தது. விசிறிச் சத்தம்கூட இல்லை. பெட்டி செத்துக் கிடந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள். ஓடியது. அதே இடத்தில் அணைந்தது. மூன்றாம் முறை, தலைவர் கோப்பையை எடுப்பதற்கு முன்பே போய்விட்டார்.

டாக்டருக்குப் போன் செய்தாள்.

"என் டேபிள்ல ஒரு மணி நேரம் ஓடிச்சுல்ல? நீங்களே பாத்தீங்க. அப்ப உங்க வீட்டுக் கரன்ட்டுதான் சரியில்ல. யுபிஎஸ் ஒண்ணு வாங்கிடுங்க."

"அதுக்குப் பணம் இல்லைங்க."

"அப்ப கரன்ட்ட மாத்துங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இப்படியே போனது. கணவர் கடையிலிருந்து வந்து, பிளக்கை இந்த அறையிலும் அந்த அறையிலும் மாற்றி மாற்றிச் செருகினார். "மச்சான் குடுக்கறத வாங்கிக்கிட்டாத்தான் என்ன? மலராவது முடியுமே" என்றார் கடைசியில். அவர் தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அந்த அறுநூறு தாள நீங்க டைப் அடிப்பீங்களா?"

"நான் மாத்திரை பேரு அடிக்கறவன். 'வெற்றி, தினம் ரெண்டு வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம்'னு வந்துடும்."

அவள் சிரிக்கவில்லை. பணமும் போயிற்று, மலரும் நிற்கிறது. சும்மா கிடந்ததைக் கிளறிவிட்டு, கடைசியில் அண்ணன் கையை எதிர்பார்க்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. 'நான் அப்பவே சொன்னேன் பாப்பா' என்று அவர் சொல்லப்போவது இப்போதே காதில் கேட்டது. அவர் எதையும் எப்போதும் 'அப்பவே' சொல்லியிருக்கிறவர்.

சனிக்கிழமை காலையில் அவளுக்கு நினைவு வந்தது வேறு விஷயம். நாளைக்கு அண்ணி வருகிறார். உறை கசங்கி, டீக் கறை பட்டுக் கிடக்கிறது. அண்ணி வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். உடனே கழற்றி சோப்பில் ஊறப்போட்டு, துவைத்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். உள்ளே பஞ்சு, சீக்கிரம் காயாது. அது காயும் வரை சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினாள். உறை இல்லாமல் ஓட்டுவது பெரியவர்களை எழுந்து நின்று வரவேற்காததுபோல் உறுத்தியது. இருந்தாலும் ஓட்டினாள்.

தலைவர் கோப்பை வழங்கினார். வழங்கி முடித்தார். அடுத்த பக்கத்துக்குப் போனாள். பதினேழு தலைவர்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். மத்தியானம் சாப்பிட மறந்துபோனாள். மூக்குகளைக் கண்ணியமான அளவுக்குச் சுருக்கினாள். பொழுது சாய்வதற்குள் மலர் முழுவதும் ஒரே ஃபைலாகத் தயாராகி நின்றது. பெட்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

கணவர் வந்ததும் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "அப்ப கரன்ட்டு சரியாயிடுச்சா?" என்றார்.

"ஆயிடுச்சுபோல" என்றபடி, காய்ந்த உறையை எடுத்து வந்து போர்த்தினாள். இன்னொரு முறை எல்லாப் பக்கத்தையும் சரிபார்க்கத் தொடங்கினாள். எட்டாம் பக்கத்தில் அணைந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவர் மெதுவாகக் கையை உறைக்குள் விட்டார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர்போல். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்.

"தொட முடியலம்மா. கொதிக்குது."

அவள் உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சு வைத்துத் தைத்த உறை. காற்று வரும் வழி, போகும் வழி, இரண்டையும் ஒன்பது வருஷமாகத் தானே தினமும் ஒழுங்காக மூடியிருக்கிறாள். முன்பெல்லாம் அது மெதுவாக வேலை செய்து மெதுவாகச் சூடானது, சமாளித்தது. இப்போது வேகமாக வேலை செய்கிறது. சூடும் வேகமாக ஏறுகிறது. டாக்டர் மேசையில் ஏன் ஓடியது என்பதும் விளங்கியது. அங்கே அதற்கு மரியாதை செய்ய ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் முன்னால், கையை வீசிக்கொண்டு. பின்னால் கணவரும் கார் டிரைவருமாக ஒரு பெட்டியையும் கயிறு கட்டிய தாள் மூட்டையையும் தூக்கி வந்தார்கள்.

"மெதுவா, மாப்பிள, மெதுவா. கம்ப்யூட்டர் கீழ விழுந்தா இன்னொண்ணு வாங்கலாம். அந்தக் கட்டு விழுந்தா வாங்க முடியாது."

அண்ணியின் கண் நேரே மேசைக்குப் போனது. "பாப்பா, உறை எங்க?"

"துவைச்சு வெச்சிருக்கேன் அண்ணி."

"இன்னும் காயலியா?"

"காஞ்சிடுச்சு அண்ணி."

அண்ணன் பழைய பெட்டியின் தலையில் கை வைத்தார். "நல்லா உழைச்சிட்ட. இனிமே ஓய்வு" என்று அதனிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். "பாப்பா, இது ஒரு சரித்திர நாள்..."

"அண்ணே, ஒரு நிமிஷம். இது ஓடுது. மலர் முழுசா இதுலதான் முடிச்சேன். எனக்கு இன்னொண்ணு வேண்டாம்ணே."

சிற்றுரை நடுவில் நின்றது. கணவர் ஜன்னலுக்கு வெளியே மிக முக்கியமான எதையோ பார்க்கத் தொடங்கினார்.

"வேண்டாமா?" என்றார் அண்ணன். அந்தச் சொல்லை இதற்கு முன் யாரும் அவரிடம் சொன்னதில்லைபோல், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வருஷத்து மெஷின் பாப்பா."

அவள் அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் இதைவிடக் கனமான உறை. வெல்வெட்டில், பொன்னிறச் சரிகை வைத்து. திடீர் திடீரென்று அணைகிறது என்று அவர் போனில் சொன்னதை நினைத்தாள். பேசாமல் இருந்துவிடலாம். அவர் இதை யாருக்காவது கொடுத்துவிட்டுப் பெருசாக ஒன்று வாங்குவார்; அண்ணி அதற்கும் தைப்பார். தன் பாடு தப்பித்தால் போதாதா? போதாது என்று பட்டது. ஏன் என்று தெரியவில்லை.

"அண்ணே, உங்க மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. அதுக்குப் புழுக்கம். அவ்வளவுதான்."

நடந்ததைச் சொன்னாள். அண்ணி மனம் நோகாதபடி, உறை என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'காத்தோட்டம்' என்று போட்டுச் சொன்னாள். அப்படியும் அறையில் இருந்த எல்லோருக்கும் உறை என்றே கேட்டது. வெல்வெட்டைக் கழற்றி, தன் மானிட்டரில் மாட்டி, பதினேழு தலைவர்களையும் அதில் ஓட விட்டாள். டீ குடித்து முடிக்கும் வரை ஓடியது. அதற்குப் பிறகும் ஓடியது.

"நான் இத சந்தேகப்பட்டேன்" என்றார் அண்ணன்.

"எப்ப?" என்றார் அண்ணி. "நான் மொத உறை தைக்கறப்பவே கேட்டேன், இது மூச்சு விட வேண்டாமான்னு. 'என் அந்தஸ்துக்குச் சும்மா இருக்கக் கூடாது, பஞ்சு வெச்சுத் தை'ன்னது யாரு? வெல்வெட்டு வாங்கிட்டு வந்தது யாரு?"

அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுக்க வந்த பொருளைத் தானே திருப்பித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருந்தார். அந்தக் கைகள் காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை; எப்போதும் எதையாவது கொடுத்துக்கொண்டோ, கொடுத்ததைச் சுட்டிக்காட்டிக்கொண்டோதான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைகளிடம் யார் எதை வாங்கிக்கொள்கிறார்கள்? கோப்புகள் இப்போது வேறு யாருக்காகவோ எழுந்து நின்றுகொண்டிருக்கும்.

திரையில் சங்கத் தலைவர் நாடா வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தாள் கட்டைக் காலால் லேசாக இந்தப் பக்கம் தள்ளினார்.

"மெஷின் வேண்டாம்னா விடு. இந்தப் புத்தகத்தச் செய்யற பெருமைய உனக்கே தரலாம்னு இருக்கேன்."

"தாங்கண்ணே" என்றாள். "பக்கத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. எல்லாருக்கும் அப்பிடித்தான். பாதி முன்பணம்."

அண்ணி தன் டம்ளருக்குள் பார்த்தார். கணவர் ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தார்.

"என்கிட்டயா?" என்று கேட்கப்போகிறார் என்றுதான் அவள் காத்திருந்தாள். அண்ணன் திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்தாளு எவ்வளவு குடுக்கறான்?"

சொன்னாள்.

"அவ்வளவுதானா?" அண்ணன் முதுகு தானாக நிமிர்ந்தது. "பதினேழு படம் போட்டுக்கறான், குடுக்கறதுக்குக் கை வரல! எனக்கு அதவிடக் கொஞ்சம் கூடப் போட்டுக்க."

"கூட வேண்டாம்ணே. எல்லாருக்கும் ஒரே..."

"போட்டுக்கங்கறேன்ல?"

"போட்டுக்க பாப்பா" என்றார் அண்ணி. "குடுக்காட்டி அவருக்குத் தூக்கம் வராது."

அவள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் யார் வந்தாலும் கேட்கும் கேள்விகளை அவரிடமும் கேட்டாள். என்ன அளவு, எத்தனை பிரதி, எப்போது வேண்டும். அண்ணன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி யோசித்து, ஆணை பிறப்பிப்பதுபோல் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எழுத்து என்ன அளவு என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"பெருசா வை" என்றார். "படிக்கறவங்க எல்லாம் என் வயசு ஆளுங்கதான்."

அவள் குறித்துக்கொண்டாள்.